மணல், டிவி, போன்: 'ஈஸி' என்ற நினைப்பின் வரலாறு

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா பையன் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு போனில் எதையோ கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தான். "எப்பப் பாரு போன்தான். நீயாவது சொல்லுடா" என்றாள் அக்கா. "அம்மா, படிக்கிறேன்மா" என்று திரையைத் திருப்பிக் காட்டினான். உண்மைதான். விலங்கியல் பாடம், ரத்தச் சுற்றோட்டம். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டான்.

"புரிஞ்சுதாடா?"

"ஈஸி மாமா. எல்லாம் புரிஞ்சுது."

இதயத்தின் வலது பக்கத்துக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். டக்கென்று சொன்னான். அந்த ரத்தம் ஏன் நேராக உடம்புக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகிறது என்று கேட்டேன். யோசித்தான். போனை எடுத்தான். "பாக்காம சொல்லு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "படிச்சப்ப புரிஞ்சுது மாமா. சத்தியமா."

அவன் பொய் சொல்லவில்லை. படித்தபோது அவனுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. அக்கா அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டாள்: "போன்தான் இவனக் கெடுக்குது." மாமாவின் தீர்ப்பு வேறு: "போன் இல்லன்னா மட்டும்? மண்டையில ஏறணும்ல." குற்றவாளி ஒன்று கருவி, இல்லை பையனின் மூளை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அந்தக் கருவியைப் பற்றி அவன் மனதில் வைத்திருக்கும் எண்ணம். 'இது ஈஸி' என்று அவன் சொன்னானே, அது. அந்த எண்ணத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் ஒரு முக்கியமான காட்சி நம்ம எழும்பூரில் நடந்தது.

எழும்பூர் மணல்

1787-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் மதராசுக்கு வந்து இறங்கினார். 1789-ல் எழும்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதி தொடங்கப்பட்டபோது அதன் கண்காணிப்பாளர் ஆனார். பிள்ளைகள் பெரும்பாலும் ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள். அவர்களுக்கு அரிச்சுவடி ஏற்றுவதே பெரும்பாடாக இருந்தது. ஆசிரியர்கள் சலிப்போடு வந்தார்கள், சலிப்போடு போனார்கள்.

ஒரு நாள் அதிகாலை குதிரையில் போகும்போது பெல் ஒரு திண்ணைப் பள்ளியைக் கடந்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பொறி தட்டியது. காகிதமும் மையும் விலை அதிகம், மணலுக்குக் காசில்லை. தப்பாக எழுதினால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடியும் எழுதலாம். விடுதிக்குத் திரும்பியதும், அரிச்சுவடி வகுப்பை மணலில் நடத்தச் சொல்லி ஆசிரியருக்கு உத்தரவிட்டார்.

ஆசிரியர் முயன்று பார்த்ததாகச் சொன்னார். இது நடக்காது என்றும் சொன்னார். தெருவோரத் தமிழ்ப் பிள்ளைகள் புழுதியில் கிறுக்குவதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்ற நினைப்பு அவருக்குள் இருந்திருக்கலாம். பெல் அவரோடு மல்லுக்கட்டவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஃபிரிஸ்கன் சாதாரணச் சிப்பாய் ஒருவனின் மகன். ஆசிரியரால் முடியாததை அந்தச் சிறுவன் செய்துகாட்டினான். அதே பிள்ளைகள், அதே எழுத்துகள், அதே மணல். மாறியது ஒன்றுதான். மணலில் எழுத முடியும் என்று நம்பிய ஒருவன் வகுப்பின் முன்னால் உட்கார்ந்தான்.

பெல் 1796-ல் மதராசை விட்டுக் கிளம்பினார். அடுத்த ஆண்டே லண்டனில் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறை 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நம்மூரில் அந்த மூத்த மாணவனுக்குப் பெயர் சட்டாம்பிள்ளை. ஜோசப் லங்காஸ்டர் ஏறக்குறைய இதே முறையை லண்டன் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தனியாக வளர்த்தெடுத்தார். யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று அங்கே பெரிய சண்டையே நடந்தது. திண்ணை வாத்தியார் பெயரை யாரும் கேட்கவில்லை. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் கட்டப்பட்ட பள்ளிக்கு இன்றைக்கும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

ஏட்டுச் சுரைக்காய்

மணல் நம்மிடமிருந்து போனது. ஆனால் எழுத்து என்ற தொழில்நுட்பத்தைப் பற்றி நாம் என்ன நினைத்தோம்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. எழுதி வைத்தது கையில் இருப்பதால் அது தனக்குத் தெரியும் என்று நம்பிவிடாதே என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. இதே கவலையை பிளேட்டோ 'ஃபைட்ரஸ்' உரையாடலில் ஓர் எகிப்திய அரசனின் வாயில் வைக்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்த தெய்வம் அதைப் பெருமையோடு காட்டுகிறது. அரசனோ, இதனால் மக்கள் ஞாபகத்தை இழப்பார்கள், அறிவு வராமலேயே வந்துவிட்டதாக நினைப்பார்கள் என்கிறான். இரண்டாவது பயம்தான் முக்கியம். அக்கா பையனுக்கு நடந்தது அதுதான்.

திண்ணைப் பள்ளியில் இதற்கு ஒரு வழி இருந்தது. எழுதியதைக் கையில் வைத்திருப்பது கணக்கில் சேராது, சொல்லிக் காட்ட வேண்டும். எண்சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். முழு எண் வாய்ப்பாடு மட்டுமல்ல. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320 என்று பின்னங்களின் வாய்ப்பாடும் அதில் உண்டு. நெல் அளக்க, நிலம் அளக்க, காசு எண்ண வெவ்வேறு இலக்கங்கள். எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வது, சட்டாம்பிள்ளையிடம் ஒப்பிப்பது, கேள்வி கேட்டால் ஓலையைப் பார்க்காமல் பதில் சொல்வது. கணித வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு இந்தப் பள்ளிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் காட்டுவது இது: அங்கே மனப்பாடம் என்பது வெறும் உருப்போடல் அல்ல. நினைவுதான் கணக்குப் போடும் கருவி. சந்தையில், களத்துமேட்டில், ஓலை இல்லாத இடத்தில் வேலை செய்தாக வேண்டிய கருவி.

இதைச் சொல்லும்போது பழம்பெருமையில் வழுக்கி விழக்கூடாது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி மதராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அதில் பெண் பிள்ளைகள் மிகச் சிலர். தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் இடமே கிடையாது. கருவியைப் பற்றிய மனநிலையைப் பேசுவதற்கு முன்னால், கருவி கையில் கிடைத்ததா என்ற கேள்வி இருக்கிறது. அது இன்றைக்கும் தீரவில்லை.

புத்தகம் செத்துவிடும் என்றார் எடிசன்

இருபதாம் நூற்றாண்டில் கருவிகள் வரிசைகட்டி வந்தன. 1913-ல் தாமஸ் எடிசன் பள்ளிகளில் புத்தகங்களுக்குச் சீக்கிரமே வேலை இருக்காது, சலனப்படம் அந்த இடத்தைப் பிடித்துவிடும் என்றார். பிறகு ரேடியோ. பிறகு டிவி. ஒவ்வொன்றின் மீதும் இதே நம்பிக்கை. லாரி கியூபன் 1986-ல் வெளியிட்ட 'ஆசிரியர்களும் இயந்திரங்களும்' என்ற நூலில் இந்தக் கதையைச் சொல்கிறார். முதலில் ஆரவாரம், பிறகு ஆராய்ச்சி, பிறகு ஏமாற்றம், கடைசியில் ஆசிரியர்கள் மேல் பழி. படம் மாறும், திரைக்கதை மாறாது.

1983-ல் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் ஒரு குண்டு போட்டார். மளிகைச் சாமானைக் கொண்டுவரும் லாரியால் நமது ஊட்டச்சத்து கூடுவதில்லை, அதுபோல எந்த ஊடகத்தில் பாடம் வந்தாலும் கற்றலில் வித்தியாசம் இல்லை என்றார். லாரி எதுவானால் என்ன, அரிசி அரிசிதானே. அதற்கு முந்தைய ஆண்டு அவர் சொன்ன இன்னொன்று எனக்கு இதைவிட சுவாரசியமானது. மாணவர்கள் தங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் கற்பித்தல் முறையிலேயே பல நேரங்களில் மிகக் குறைவாகக் கற்கிறார்கள். பிடித்திருப்பதும் படிந்திருப்பதும் ஒன்றல்ல.

ஏன் அப்படி? இதற்கு நல்ல பதில் டிவியைப் பற்றிய ஓர் ஆய்விலிருந்து வந்தது.

டிவி ஈஸி, புத்தகம் கஷ்டம்

கவ்ரியல் சாலமன் இஸ்ரேலைச் சேர்ந்த கல்வி உளவியலாளர். 1984-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஆறாம் வகுப்பு படிக்கும் 124 அமெரிக்கப் பிள்ளைகள் பங்கெடுத்தார்கள். முதலில் அவர்களின் மனநிலையைக் கேட்டார். டிவியிலிருந்து கற்பது எளிதா, புத்தகத்திலிருந்து கற்பது எளிதா? எதில் நீ கெட்டிக்காரன்? பிள்ளைகள் கூசாமல் சொன்னார்கள்: டிவி ஈஸி, புத்தகம் கஷ்டம். பிறகு பாதிப் பேருக்கு ஒரு கதையைப் படமாகக் காட்டினார். மீதிப் பேருக்கு அதே கதையை எழுத்தில் கொடுத்தார். முடிந்ததும், எவ்வளவு மூளையைச் செலவழித்தாய் என்று கேட்டுவிட்டுத் தேர்வு வைத்தார்.

என்ன நடந்தது என்பதில் இரண்டு ஒப்பீடுகளைப் பார்க்கலாம். நேரடித் தகவல் கேள்விகளில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் கதையிலிருந்து தானாக ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளில், படித்தவர்கள் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படித்தவர்கள் அதிகம் மெனக்கெட்டிருந்தார்கள். பார்த்தவர்கள் மெனக்கெடவில்லை. இது முதல் ஒப்பீடு.

இரண்டாவதுதான் திருகு. புத்தகக் கூட்டத்தில் 'எனக்கு வாசிப்பு நன்றாக வரும்' என்ற தன்னம்பிக்கை கூடக்கூட உழைப்பும் மதிப்பெண்ணும் கூடின. டிவி கூட்டத்தில் இது தலைகீழ். 'டிவி எனக்குத் தண்ணி பட்ட பாடு' என்று நினைத்த பிள்ளைகள் குறைவாக உழைத்தார்கள், குறைவாகவே கற்றார்கள். தன்னம்பிக்கை இருந்தால் எல்லாம் வரும் என்று மேடையில் முழங்குகிறோமே, அந்தத் தன்னம்பிக்கையே ஒரு கருவியில் தூக்கிவிடுகிறது, இன்னொரு கருவியில் காலை வாருகிறது.

தப்பு டிவியிடம் இருந்தால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும். இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1979-ல், கோஹன் என்பவரோடு சேர்ந்து சாலமன் இஸ்ரேலியப் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்டிருந்தார். டிவி பார்க்கும்போது இஸ்ரேலியப் பிள்ளைகள் கூடுதலாக மூளையைச் செலவழித்தார்கள். இஸ்ரேலில் அப்போது ஒரே ஒரு சேனல். வெளிநாட்டு நிகழ்ச்சிகளைக் கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் பெரியவர்கள் செய்திக்காக டிவி முன்னால் சீரியஸாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகளும் அதைச் சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள். பெட்டி ஒன்றுதான். அதன் முன்னால் ஓர் ஊர் எப்படி உட்காரப் பழகியிருக்கிறது என்பதுதான் வேறு.

நம் வீட்டுப் பெட்டி

நாம் எப்படி உட்காரப் பழகினோம்? சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நம் அம்மா அப்பா தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள், 'ஒளியும் ஒலியும்' என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை சினிமா என்பார்கள். அதே தூர்தர்ஷனில் வயலும் வாழ்வும் வந்தது, பாட நிகழ்ச்சிகளும் வந்தன. யாருக்கு ஞாபகம்? 2006-ல் தொடங்கி அரசே வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அதற்குள் டிவி என்றால் சீரியல், பாட்டு, கிரிக்கெட் என்று ஆகிவிட்டிருந்தது.

2019-ல் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு கொரோனா. பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்குப் பாடம் அதன் வழியாகத்தான் போனது. அப்போது அக்கா பையன் சின்ன வகுப்பில் இருந்தான். தட்டில் இட்லியோடு டிவி முன்னால் உட்கார்ந்து பின்னக் கணக்கு பார்ப்பான். 'டேய், நோட்ட எடுடா' என்றால், 'டிவிதானம்மா ஓடுது' என்பான். அந்த 'தானம்மா' என்ற சொல்லில் சாலமனின் ஆய்வு முழுக்க இருக்கிறது. பாடத்தைத் தயாரித்த ஆசிரியர்கள் உழைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பெட்டி முன்னால் எப்படி உட்காருவது என்று நாற்பத்தைந்து வருடங்களாக நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

மடிக்கணினிக்கும் இதுதான் கதை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கிடைத்தது. வாங்கிய அன்றே பென் டிரைவில் படம் ஏற்றிக்கொண்டு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். 'படம் பாக்கத்தான் கவர்மெண்டு பொட்டி குடுக்குது' என்று டீக்கடையில் கிண்டல் பண்ணினார்கள். அதே ஊரில் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போன பெண் ஒருத்தி, அதே மாடல் கணினியில் ராத்திரியெல்லாம் தட்டித் தட்டி புரோகிராமிங் கற்றுக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். அவள் அதைப் 'பொட்டி' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'சிஸ்டம்' என்பாள். லேப் கணினிக்குச் சொல்லும் அதே சொல்.

வெறுமனே கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடப் பெரிய அளவில் பெரு நாடு பார்த்தது. 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' இயக்கம் அங்கே லட்சக்கணக்கான கணினிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வந்தது. கணினிப் பயன்பாடு எகிறியிருந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் அசையவில்லை. லாரி வந்துவிட்டது. அதிலிருந்து எதை இறக்கி எப்படிச் சமைப்பது என்று பள்ளியிலும் சரி, வீட்டிலும் சரி, யாரும் பழகவில்லை.

திரை சொல்லும் பொய்

இனி போனுக்கு வருவோம். 2011-ல் ராகெஃபெட் ஆக்கர்மனும் மோரிஸ் கோல்ட்ஸ்மித்தும் இஸ்ரேலியக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரே பாடத்தைச் சிலருக்குக் காகிதத்திலும் சிலருக்குத் திரையிலும் கொடுத்தார்கள். இத்தனை நிமிடம் படி என்று நேரத்தைக் கட்டிப்போட்டபோது இரண்டுக்கும் வித்தியாசமில்லை. போதும் என்று தோன்றுகிறவரை படி என்று விட்டபோதுதான் வித்தியாசம் வந்தது. திரையில் படித்தவர்கள் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்கள். மதிப்பெண் குறைந்தது. அதோடு, தாங்கள் எவ்வளவு எடுப்போம் என்று அவர்கள் போட்ட கணக்கு நிஜத்தைவிட அதிகமாக இருந்தது. திரை கண்ணைக் கெடுத்ததால் வந்த விளைவு இல்லை இது. 'போதும், புரிந்துவிட்டது' என்ற மணி திரையில் முன்கூட்டியே அடித்துவிடுகிறது.

புதிய தலைமுறை பிறக்கும்போதே போனோடு பிறக்கிறது, அதற்கு இதெல்லாம் பழகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. 2018-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளை, 1,71,000-க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த எழுத்துகளில் காகிதத்துக்குச் சிறிய அளவில் மேல்கை இருந்தது. ஆண்டுகள் போகப்போக அந்த மேல்கை குறையவில்லை, கூடியது. பழகப் பழகத் திரை மேலும் 'ஈஸி' ஆகிறது, மெனக்கெடல் மேலும் குறைகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கதை படிப்பதில் இந்த வித்தியாசம் தென்படவில்லை. அதனால் நீங்கள் போனில் நாவல் படிக்கிறீர்கள் என்றால் கவலைப்பட வேண்டாம்.

ஆக்கர்மன் அத்தோடு நிறுத்தவில்லை. 2014-ல் லாடர்மன் என்பவரோடு சேர்ந்து வேறொன்றைச் சோதித்தார். திரையில் படித்து முடித்து, கொஞ்ச நேரம் இடைவெளி விட்டு, அந்தப் பாடத்தின் முக்கியச் சொற்களை நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். அதைச் செய்தபோது திரையின் பின்னடைவு காணாமல் போனது. கருவி அதேதான். கண்ணை எடுத்துவிட்டு நினைவைக் கேட்டார்கள், அவ்வளவுதான். படித்தபோது எனக்குத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. ஓலையைக் கீழே வைத்துவிட்டு ஒப்பிக்கச் சொன்னார்களே.

இதையெல்லாம் 'மனநிலை சரியில்லை' என்று பிள்ளைகள் தலையில் கட்டுவதற்குப் பயன்படுத்தினால் அது அநியாயம். ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டில் மனநிலையைப் பற்றி யாரிடம் பேசுவது? போன் இருக்கிற வீட்டிலும் அந்த எண்ணத்தைப் பிள்ளை தானாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. அது வீட்டில், தெருவில், விளம்பரத்தில் கற்றது. 'விளையாட்டாகவே படிக்கலாம், கஷ்டமே இல்லை' என்று கல்விச் செயலிகள் விற்கப்படுகின்றன. கஷ்டமே இல்லை என்ற நம்பிக்கைதான் முதல் பள்ளம் என்று சாலமன் 1984-லேயே காட்டிவிட்டார். 'போன்தான் உன்னக் கெடுக்குது' என்று அக்கா சொல்வதும் ஒருவகையில் அதே பாடம்தான். இது படிக்கிற சாமான் இல்லை என்று தினமும் அவனுக்குச் சொல்லிவிட்டு, அதிலேயே படிக்கவும் சொல்கிறோம்.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் அவனைத் திண்ணையில் உட்கார வைத்தேன். அக்கா வீட்டில் இன்னும் ஒரு சின்னத் திண்ணை இருக்கிறது, செருப்பு விடுவதற்கு. "போன்லயே படி. முடிச்சுட்டு போன என்கிட்ட குடுத்துட்டு ஒரு டீ குடி. அப்புறம் ஞாபகம் இருக்கறத எழுது" என்றேன். முனகினான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினான். பதினோரு சொற்கள் வந்தன. ஆக்சிஜன் அதில் இல்லை.

தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "மாமா, ஆக்சிஜன் இல்லாத ரத்தம் உடம்புக்குப் போய் என்ன பிரயோஜனம்? அதான் முதல்ல நுரையீரலுக்குப் போகுது. இல்ல?"

"நீயே சொல்லு."

"அதான்" என்றான். பிறகு போனைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்துக்கொண்டான்.